நாள் தள்ளிப் போனால்

நம் சங்கத்தின் திங்களிதழில் ஆடவர் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் ஊர் நினைவு, மொழிச் சிறப்பு, பிள்ளைகளின் படிப்பு, வேலைவாய்ப்பு ஆகியவற்றைப் பற்றியனவாகவே இருக்கும். இம்முறை யாம் எடுத்துக்கொண்ட பொருள் பெண்களின் மாதவிடாய். இதனை ஓர் ஆண் எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். எழுதலாமா, வேண்டாமா என்று எம் மனைவியைக் கேட்டோம். “நீங்கள் எழுதினால்தான் ஆண்கள் படிப்பார்கள். நாங்கள் எழுதினால் பெண்கள் பக்கம் என்று புரட்டிவிடுவார்கள்” என்றாள். மகளையும் கேட்டோம். “பெயரைப் போடாதீர்கள், அப்பா” என்றாள். ஆகவே எவர் பெயரும் இதில் இல்லை.

எம் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்பை நாடி மும்பைக்கு வந்து, மாட்டுங்கா இரயில்வே பணிமனையில் கலாசியாகச் சேர்ந்தவர். பணியிலிருக்கும்போதே அவர் காலமானதால், பத்தாம் வகுப்புத் தேறியிருந்த எமக்கு இரயில்வேயில் எழுத்தர் வேலை கிடைத்தது. தாராவியில் தொண்ணூறு அடிச் சாலைக்குப் பின்புறமுள்ள ஒரு சந்தில், ஓர் அறையும் அதன்மேல் ஒரு பரணும் கொண்ட வீடு. மகள், மகன், நாங்கள் இருவர் என நால்வர் அதில் வாழ்கிறோம். கழிப்பறை சந்தின் கோடியில் பொதுவில் இருக்கிறது. குழாயில் நீர் வருவது காலையில் சில மணி நேரமே. இத்தகைய வீட்டில் யாருக்குத் தலைவலி, யாருக்கு மனவலி என்பது எவருக்கும் தெரியாமல் போகாது. ஆயினும் ஒன்றை மட்டும் தெரியாததுபோல் நடந்துகொண்டிருந்தோம். அது பெண்களின் மாதக் கணக்கு.

இரண்டாண்டுகளுக்கு முன், தன் பன்னிரண்டாம் வயதில் எம் மகள் பூப்பெய்தினாள். ஊர் வழக்கப்படி சடங்கு வைத்தோம். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கி மண்டபம் பிடித்தோம். தாய்மாமன் நாகர்கோவில் விரைவு வண்டியில் சீரோடு வந்து இறங்கினார். வண்ண அழைப்பிதழ் நானூறு அச்சிட்டு, தாராவி, மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் என்று வீடு வீடாகக் கொடுத்தோம். சந்தின் முகப்பில் மகளின் படம் போட்ட பதாகையும் கட்டினோம். மகள் வளர்ந்துவிட்டாள் என்னும் செய்தி நானூறு வீடுகளுக்குத் தெரிந்தது. அடுத்த மாதம் அவள் உடலில் என்ன நடக்கும் என்னும் செய்தி அவளுக்குத் தெரியாது. எமக்கும் தெரியாது. பெற்றவளுக்கோ தான் பட்டறிந்தது தவிர வேறொன்றும் தெரியாது.

சடங்கு முடிந்து ஐம்பது நாள் கழிந்த பின்னரே இரண்டாம் முறை வந்தது. அடுத்தது இருபத்து மூன்றாம் நாள் வந்துவிட்டது. அதன்பின் இரண்டு மாதம் கடந்தும் வரவில்லை. எம் மனைவி விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். ஊரிலிருந்த மாமியார் தொலைபேசியில், “கண்ணேறு பட்டிருக்கும், சுற்றிப் போடு” என்றார். எதிர்வீட்டு ஆச்சி, “எள்ளும் கருப்பட்டியும் இடித்து உருண்டை பிடித்துக் கொடு” என்றார். கொடுத்தோம். உருண்டை தீர்ந்தது, நாள் வரவில்லை. அப்போது சந்தில் ஒருத்தி வேறொரு சொல் சொன்னாள். “பிள்ளை டியூஷனுக்குத் தனியாகத்தானே போய் வருகிறாள்?” என்பதே அச்சொல். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

அன்றிரவு விளக்கு அணைந்த பின், எம் மனைவி மகளைத் தட்டி எழுப்பி ஒரு கேள்வி கேட்டாள். அதனை இங்கே எழுதக் கை கூசுகிறது. மூன்றடி தள்ளிப் படுத்திருந்த யாம் உறங்குவதுபோல் கிடந்தோம். அக்குழந்தைக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை. விளங்கியபோது அவள் அழவில்லை. எழுந்து பரணில் ஏறிப் படுத்துக்கொண்டாள். ஒன்பது நாள் தாயோடும் பேசவில்லை, எம்மோடும் பேசவில்லை. எமது உறக்கம் பொய்யுறக்கம் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

பத்தாம் நாள் அவளை ஒரு தனியார் மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். இரயில்வே ஊழியர்க்குரிய மருத்துவ அட்டை எம் சட்டைப்பையில் இருந்தது. இரயில்வே மருத்துவமனைக்குச் சென்றால் ஒரு காசும் செலவில்லை. ஆனால் உடன் பணிபுரிவோர் எவரேனும் கண்டு, “குழந்தைக்கு என்ன?” என்று கேட்டுவிட்டால் என்ன விடை சொல்வது? அந்த நாணத்துக்கு அஞ்சிப் பணத்தைச் செலவழித்தோம். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். சூலகத்தில் சிறு கட்டிகள் தெரிகின்றன என்றார்கள். மாதம் தவறாமல் வரச்செய்யும் மாத்திரையை ஆறு மாதத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். “இவளுக்கு நோய் என்ன?” என்று கேட்டோம். “ஒழுங்கில்லை, ஒழுங்குபடுத்த வேண்டும்” என்பதே விடை. கட்டணம் எம் சம்பளத்தில் நாலில் ஒரு பங்கு. கட்டி என்னும் சொல் எம் மனைவியின் நெஞ்சில் கல்லாக விழுந்தது. அதற்குக் காரணம் உண்டு, பின்னர்ச் சொல்வோம்.

மாத்திரையைத் தொடங்குமுன் இன்னொருவரையும் கேட்டுவிடுவோம் என்று மனைவி பிடிவாதம் பிடித்தாள். நாணத்தை விட்டு, பைக்குளாவிலுள்ள இரயில்வே மருத்துவமனைக்குச் சென்றோம். அங்கிருந்த டாக்டர் அம்மையார் மராத்தியர். முதலில் எங்கள் இருவரையும் வெளியே அமரச் சொல்லிவிட்டு, மகளோடு தனியே கால்மணி நேரம் பேசினார். அவள் எடை, உயரம் பார்த்தார். இரத்தம் சோதித்தார். பிறகு எங்களை அழைத்து, “உங்கள் மகளுக்கு நோய் எதுவும் இல்லை. சிறிதளவு இரத்தச்சோகை இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் உங்கள் இருவருக்கும் பாடம் தேவைப்படுகிறது” என்றார். அவர் அன்று இந்தியில் சொன்னதையும், அதன்பின் யாம் படித்தும் கேட்டும் அறிந்ததையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

மாதவிடாயைக் கருப்பையின் வேலை என்றே எண்ணியிருந்தோம். உண்மையில் அதற்குரிய கட்டளை தலையிலிருந்து வருகிறது. மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி, அதனையடுத்துள்ள பிட்யூட்டரிச் சுரப்பிக்கு அறிவிக்கிறது. அச்சுரப்பி சூலகங்களுக்கு அறிவிக்கிறது. சூலகத்தில் முட்டையொன்று முதிர்கிறது. அப்போது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உள்வரியைத் தடிக்கச் செய்கிறது. முட்டை வெளிப்பட்ட பின் புரோஜெஸ்டிரோன் சுரந்து அவ்வரியைப் பேணுகிறது. கரு தங்காவிடில் இவ்விரு சுரப்புகளும் குறைகின்றன. அதனால் உள்வரி உதிர்ந்து குருதியோடு வெளியேறுகிறது. விருந்தினரை எதிர்நோக்கி வீட்டை மெழுகிக் கோலமிடுகிறோம். விருந்தினர் வாராவிடில் பழைய கோலத்தைக் கலைத்து, மறுமுறைக்கு மீண்டும் மெழுகுகிறோம். உடல் செய்வதும் அவ்வளவே.

பூப்பெய்திய தொடக்க ஆண்டுகளில், தலைக்கும் சூலகத்துக்கும் இடையே நடக்கும் இச்செய்திப் போக்குவரத்து இன்னும் பழக்கப்பட்டிராது. பல மாதங்களில் முட்டை வெளிப்படுவதே இல்லை. முட்டை வெளிப்படாவிடில் புரோஜெஸ்டிரோன் சுரப்பதில்லை. அது இல்லாவிடில் உள்வரி உதிர்வதற்கு நாள் குறிப்பும் இல்லை. எனவே ஒரு முறை விரைந்தும், ஒரு முறை நெடுநாள் தள்ளியும் வருகிறது. இளம்பெண்களுக்கு 21 நாள் முதல் 45 நாள் வரை இயல்பு என்றே மருத்துவர் கொள்கின்றனர். முதலாண்டில் இடையிடையே ஒரு சுற்று அதனினும் நீள்வதுண்டு. மூன்றாம் ஆண்டளவில் பெரும்பாலான சுற்றுகள் 21 முதல் 34 நாளுக்குள் அமைந்துவிடுகின்றன. எம் மகளின் ஐம்பதும் இருபத்து மூன்றும் நோயல்ல. நடை பழகும் குழந்தையின் தடுமாற்றம் போன்றவை.

ஸ்கேனில் தெரிந்த ‘கட்டி’களைப் பற்றியும் கேட்டோம். முதிர்ந்துவரும் முட்டைகள் அடங்கிய சிறு நீர்ப்பைகள் வளரிளம் பெண்களின் சூலகத்தில் நிறைய இருப்பது இயல்பே. பூப்பெய்தி எட்டாண்டுகள் ஆகும்வரை ஸ்கேனைக் கொண்டு சூலக நீர்க்கட்டி நோய் என்று முடிவு கட்டலாகாது என்பதே இந்நாளில் உலகளாவிய மருத்துவ நெறி. அந்நோய் சிலருக்கு உண்டு. மாதக்கணக்கு ஆண்டுக்கணக்காகச் சீர்ப்படாமையும், முகத்தில் மிகுதியாக முடி வளர்வதும், கடுமையான பருக்களும் அதன் அறிகுறிகள். அத்தகையோர்க்கு அந்த மாத்திரை மருந்தாகும். எம் மகளுக்கு அப்போது அது தேவைப்படவில்லை.

கால அட்டவணையோடு பிழைப்பு நடத்தும் எமக்கு, இருபத்தெட்டு நாள் என்பதும் ஓர் அட்டவணையாகவே தோன்றியிருந்தது. வண்டி குறித்த நேரத்தில் வாராவிடில் எங்கோ பழுது என்றுதானே பொருள்? டாக்டர் அம்மையார் சிரித்தார். இருபத்தெட்டு என்பது சராசரி மட்டுமே. பன்னாட்டு மகளிர் மருத்துவக் கூட்டமைப்பு 2018-இல் வகுத்துள்ளபடி, வளர்ந்த பெண்ணுக்கு 24 முதல் 38 நாள் வரை எதுவும் இயல்பே. குருதிப்போக்கு எட்டு நாள் வரை இருக்கலாம். ஒரே பெண்ணுக்கு ஓராண்டின் மிகக் குறுகிய சுற்றுக்கும் மிக நீண்ட சுற்றுக்கும் இடையே ஏழு முதல் ஒன்பது நாள் வரை வேறுபாடு இருப்பினும் அதுவும் சீரான கணக்கே. நாளை எண்ணும் முறையிலும் பலர் பிழை செய்கின்றனர். குருதி நின்ற நாளிலிருந்து எண்ணலாகாது. தொடங்கிய முதல் நாளிலிருந்து, அடுத்த முறை தொடங்கும் நாளுக்கு முன்தினம் வரை எண்ணுவதே முறை. எம் மனைவி பதினைந்தாண்டுகளாக நின்ற நாளிலிருந்தே எண்ணி வந்திருக்கிறாள்!

நாள் ஏன் தள்ளிப் போகிறது? சுற்றின் முற்பகுதி நீளும், சுருங்கும்; பிற்பகுதி அத்துணை மாறுவதில்லை. அடுத்த மாதவிடாய்க்கு ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு முன் முட்டை வெளிப்படுகிறது என்பதை ஜப்பானிய மருத்துவர் ஒகினோ 1924-இல் எடுத்துரைத்தார். எம் தொழிலிலிருந்தே இதற்கு ஒப்புமை சொல்லலாம். நாகர்கோவில் வண்டி வழியில் எங்கெங்கோ நின்று மணிக்கணக்கில் தாமதிக்கலாம். கல்யாண் வந்துவிட்டால், தாதருக்கு எப்போது வரும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். அதுபோல முட்டை வெளிப்படும்வரை நாளைக் குறிக்க இயலாது. வெளிப்பட்ட பின் பெரும்பாலும் பன்னிரண்டு முதல் பதினான்கு நாளில் மாதவிடாய் வந்துவிடும். காய்ச்சல், நெடும்பயணம், தேர்வு பற்றிய அச்சம், பட்டினி, உடல் எடை திடீரெனக் குறைதல் அல்லது கூடுதல், கடும் உழைப்பு ஆகிய எதுவும் முட்டை வெளிப்படுவதைத் தாமதப்படுத்தக்கூடும். எம் மகளின் இரண்டு மாத இடைவெளியில் ஆண்டுத் தேர்வும், டைபாய்டு காய்ச்சலும் இருந்தன. அவ்விரண்டையும் நாங்கள் நினைத்துப் பார்க்கவில்லை. நினைக்கக்கூடாத ஒன்றை நினைத்தோம்.

இவையெல்லாம் எவ்வாறு தெரியவந்தன என்று அறிய விரும்பினோம். அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆலன் டிரெலோர் என்பார் 1934-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். அதில் சேர்ந்த பெண்கள், தத்தம் மாதவிடாய் தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் அட்டைகளில் குறித்து அனுப்பி வந்தனர். இவ்வாறு ஆண்டுக்கணக்கில் குறித்து வந்தோர் இரண்டாயிரத்து எழுநூற்றுவர். முடிவுகள் 1967-இல் வெளியாயின. முற்றிலும் ஒழுங்கான மாதக்கணக்கு எவருக்கும் இல்லை என்றும், பூப்பெய்திய தொடக்க ஆண்டுகளிலும் மாதவிடாய் நிற்பதற்கு முந்திய ஆண்டுகளிலும் மாறுதல் மிகுதி என்றும், இடைப்பட்ட ஆண்டுகளிலேயே ஓரளவு ஒழுங்கு உண்டு என்றும் அவ்வாய்வு காட்டியது. பெரிய கருவி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. அட்டையும் எழுதுகோலும் பொறுமையும் போதுமானவையாயிருந்தன.

மருத்துவமனையிலிருந்து திரும்புகையில் பைக்குளா நிலையத்து மேடையில் நின்றோம். வண்டி வரச் சில நிமிடம் இருந்தது. “நாங்கள் பிழை செய்துவிட்டோம், அம்மா. எங்களுக்குத் தெரியவில்லை” என்று மகளிடம் சொன்னோம். அவள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே, “தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லியிருக்கலாமே, அப்பா. என்னை ஏன் சந்தேகப்பட்டீர்கள்?” என்றாள். அதற்கு எங்களிடம் விடை இல்லை. இன்றும் இல்லை. அறியாமை தன்னை அறியாமை என்று ஒப்புக்கொள்ளாமல், ஐயமாக உருமாறிப் பிள்ளைகளின்மேல் விழுகிறது என்பதை அந்த மேடையில்தான் கற்றோம்.

இனி, கட்டி என்னும் சொல்லுக்கு எம் மனைவி ஏன் நடுங்கினாள் என்பதைச் சொல்லுகிறோம். எம் அன்னையார்க்கு ஐம்பது வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுவிட்டது. ஐம்பத்தெட்டாம் வயதில் மீண்டும் குருதி கண்டது. “வயதான காலத்தில் இது என்ன கேவலம்” என்று எட்டு மாதம் எவரிடமும் சொல்லாதிருந்தார். ஒரே அறையில் உடன் வாழ்ந்த எங்கள் எவருக்கும் தெரியாமல், விடியுமுன் எழுந்து துணியை அலசி வந்திருக்கிறார். ஒரு நாள் செம்பூரிலிருந்து வந்திருந்த எம் தமக்கையார் அதனைக் கண்டார். மருத்துவரிடம் சென்றபோது கருப்பையில் புற்று முற்றியிருந்தது. அடுத்த ஆண்டே அன்னையார் காலமானார். மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்த பின் ஒரு துளி குருதி கண்டாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதை அந்நாளில் எங்களுக்குச் சொல்லுவார் இல்லை. பலருக்கு அது சிறு காரணத்தால் வருவதே. புற்றாக இருப்பினும், தொடக்கத்திலேயே கண்டால் குணப்படுத்தும் வாய்ப்பு மிகுதி. எட்டு மாத நாணம் எங்கள் தாயைக் கொண்டு போயிற்று.

அத்தமக்கையார்க்கு இப்போது வயது நாற்பத்தெட்டு. மகளின் செய்தி நடந்த சில மாதங்களுக்குள் அவர் ஒரு நாள் தொலைபேசியில் அழைத்து, “தம்பி, ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டும், வா” என்றார். ஓராண்டாகவே அவர் கணக்கு மாறியிருந்தது. மூன்று மாதம் வராது. வந்தால் பன்னிரண்டு, பதினைந்து நாள் நிற்காது. இரவில் திடீரென மேனி கொதித்து வியர்க்கும், உறக்கம் இல்லை. ஒரு மருத்துவ நிலையத்தில், “விட்டால் புற்றாகிவிடும், கருப்பையை எடுத்துவிடுங்கள்” என்று சொல்லியிருக்கிறார்கள். அன்னையை நினைத்து அவர் உடனே இசைந்துவிட்டார். கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துப் பணமும் கட்டத் தயாராகியிருந்தார்.

மகளின் பாடம் கையிலிருந்ததால், “ஒரு வாரம் பொறு, அக்கா” என்று சொல்லிச் சயான் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அன்னையின் வரலாற்றை ஒளிக்காமல் சொன்னோம். அங்கே ஸ்கேன் எடுத்ததோடு, கருப்பையின் உள்வரியிலிருந்து சிறு துணுக்கு எடுத்தும் சோதித்தார்கள். புற்று இல்லை. மாதவிடாய் நிற்பதற்கு முன் வரும் மாறுதலே அது. சூலகத்தில் எஞ்சிய முட்டைகள் குறைந்துவரும்போது, பூப்பெய்திய காலத்துத் தடுமாற்றமே மீண்டும் வருகிறது. தொடக்கமும் முடிவும் ஒன்றுபோல் இருப்பது வியப்புத்தான். நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயதளவில் மாதவிடாய் நிற்கிறது. மாறுதல்கள் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடுகின்றன. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வராதிருந்தால்தான் நின்றது என்று கொள்ளல் வேண்டும். தமக்கையார்க்குக் குருதிப்போக்கைக் குறைக்கும் மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். சில மாதங்களில் மாதவிடாய் நின்றது. இப்போது ஓராண்டு கடந்துவிட்டது. சங்கிலி அவர் கழுத்திலேயே இருக்கிறது.

இது எம் தமக்கையார் ஒருவரின் கதையன்று. 2019-ஆம் ஆண்டில், நாம் வாழும் இதே மகாராட்டிர மாநிலத்தின் பீட் மாவட்டத்திலிருந்து வந்த செய்தி நாட்டையே திடுக்கிடச் செய்தது. கரும்பு வெட்டப் புலம்பெயர்ந்து செல்லும் பெண்கள் ஆயிரக்கணக்கில் கருப்பையை நீக்கிக்கொண்டிருந்தனர். ஒரு நாள் வேலைக்கு வாராவிடில் ஒப்பந்தக்காரர் தண்டத்தொகை பிடிப்பர். வெட்டுமிடத்தில் கழிப்பறையோ நீரோ இல்லை. வெள்ளைப்படுதல், வயிற்றுவலி என்று சில தனியார் மருத்துவரிடம் சென்றால், புற்று என்று அச்சுறுத்தி அறுவைக்கு அனுப்பினர். மாநில அரசு நீலம் கோர்ஹே தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு 82,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் கேட்டறிந்ததில், 13,000-க்கும் மேற்பட்டோர் கருப்பையை இழந்திருந்தது தெரியவந்தது. இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்தோரும் அவர்களுள் உண்டு. தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்கும் நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் கைக்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் ஆணையிட்டது. அப்பெண்களும் நம்மைப்போல் பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்களே. கருப்பை நீக்கம் தேவைப்படும் நோய்கள் உண்டு, அதனை மறுக்கவில்லை. ஆனால் இயல்பு எது, நோய் எது என்று அறியாதவர்களிடம்தான் அச்சத்தை விலை பேசி விற்க முடிகிறது.

இடைப்பட்ட வயதினரைப் பற்றியும் ஒரு சொல். மணமான பெண்ணுக்கு நாள் தள்ளினால் முதலில் கருவுற்றிருக்கிறதா என்று பார்ப்பதே முறை. பிள்ளைக்குப் பாலூட்டும் காலத்தில் மாதக்கணக்கில் வாராதிருப்பது இயல்பு. காப்பர்-டி வைத்துக்கொண்டோர்க்கு முதல் சில மாதங்களில் போக்கு மிகுவதுண்டு. 2021-இல் கொரோனாத் தடுப்பூசி போட்டுக்கொண்ட பெண்கள் பலர் நாள் தள்ளியதாகச் சொன்னபோது நம் சந்தில் பெரும் வதந்தி கிளம்பியது. பின்னர் ஆராய்ந்ததில், சராசரியாக ஒரு நாளளவே தள்ளியது என்றும், அதுவும் தற்காலிகமே என்றும் தெரிந்தது.

மாறுதல் இயல்பு என்றோம். அதனால் எல்லாவற்றையும் இயல்பு என்று விட்டுவிடலாகாது. பதினைந்து வயதாகியும் பூப்பெய்தாவிடில், பூப்பெய்திய பின் தொண்ணூறு நாள் கடந்தும் வாராவிடில், குருதி எட்டு நாளுக்கு மேல் நீடித்தால், ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனையுமளவு தொடர்ந்து போனால், பள்ளிக்கோ வேலைக்கோ போக இயலாதபடி ஒவ்வொரு மாதமும் வலித்தால், இரண்டு மாதவிடாய்களுக்கு இடையிலோ கணவன் மனைவி கூடலுக்குப் பின்னோ குருதி கண்டால், மாதவிடாய் நின்றபின் மீண்டும் கண்டால், மருத்துவரிடம் செல்லத் தயங்கலாகாது. களைப்பையும் மூச்சு வாங்குவதையும் “பெண் என்றால் அப்படித்தான்” என்று ஒதுக்கலாகாது. 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 57 பேர்க்கு இரத்தச்சோகை இருந்தது. அதற்கு உணவுக் குறை முதலிய காரணங்கள் பல. மாதந்தோறும் மிகுதியாகப் போகும் குருதியும் ஒன்று.

தீட்டு என்று மூன்று நாள் ஒதுக்கி வைக்கும் வழக்கத்தை இந்நகரம் ஏறக்குறைய ஒழித்துவிட்டது. ஒரே அறையில் எங்கே ஒதுக்குவது? ஆனால் பேச்சை இன்னும் ஒதுக்கியே வைத்திருக்கிறோம். நம் பழம்பெரும் இலக்கண நூலாகிய தொல்காப்பியம் பூப்பைப் பற்றிக் கூசாமல் பேசுகிறது. பூப்புக்குப் பின் பன்னிரண்டு நாள் தலைவன் தலைவியைப் பிரிந்துறைதல் அறமன்று என்று விதியும் வகுக்கிறது. தொல்காப்பியத்தின் பெருமையை மேடையில் பேசும் நாம், வீட்டில் அச்சொல்லைச் சொல்லக் கூசுகிறோம்.

ஊரில் என்றால் பாட்டி இருப்பாள், அத்தை இருப்பாள், மதினி இருப்பாள். அவர்கள் அறிந்ததில் பாதி தவறாயினும், பேசுவதற்கு ஆள் இருந்தது. இங்கே மகளுக்கு நாம் இருவர்தாம். நாமும் பேசாவிடில் அவள் யாரிடம் போவாள்?

இப்போது எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இரயில்வே நாட்காட்டி ஒன்று தொங்குகிறது. அதில் மகள் சிறு புள்ளி வைக்கிறாள். அவள் தாய் சிறு கோடு போடுகிறாள். சென்ற ஓராண்டில் மகளின் கணக்கு முப்பத்தெட்டு, முப்பத்து நான்கு, முப்பத்தொன்று என்று மெல்ல அமைந்து வருகிறது. பத்து வயது மகன், “இந்தப் புள்ளி என்ன?” என்று கேட்டான். அவனுக்கும் விளங்குமளவு சொன்னோம். அவனும் நாளை ஒருத்திக்குக் கணவனாவான், ஒருத்திக்குத் தந்தையாவான்.

மகள் எங்களை மன்னித்துவிட்டாளா என்று கேட்கத் துணியவில்லை. சென்ற மாதம் அலுவலகத்துக்குப் புறப்படும்போது, “அப்பா, வரும்போது நாப்கின் வாங்கி வாருங்கள்” என்று மட்டும் சொன்னாள். வாங்கி வந்தோம்.

சங்கத்துக் குடும்பத்தார்க்கு எம் வேண்டுகோள் ஒன்றே. சடங்கு வையுங்கள், வைக்காதிருங்கள். அது உங்கள் விருப்பம். ஆனால் அழைப்பிதழ் அச்சிடக் கொடுக்குமுன், மகளை அருகே அமர்த்தி ஒரு மணி நேரம் பேசுங்கள். அடுத்தது எப்போது வரும் என்று கேட்டால், “முப்பது நாளிலும் வரலாம், அறுபது நாளிலும் வரலாம், அஞ்சாதே, எதுவாயினும் எங்களிடம் சொல்” என்று சொல்லுங்கள். நானூறு பேருக்குச் சொல்லுமுன் அந்த ஒருத்திக்குச் சொல்லுங்கள்.